பிரசல்ஸில் இருக்கும் தொழில் ஆணையாளர் என் சம்பளத்தை வாங்கித் தருவாரா?

கேள்வி: வணக்கம் அம்மா. நான் ஜேர்மனியில் ஓர் உணவகத்தின் சமையலறையில் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறேன். ஒப்பந்தத்தில் 'மினிஜொப்' (குறைந்த சம்பளப் பகுதிநேர வேலை) என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையில் கிழமைக்கு ஆறு நாட்கள், சுமார் 50 மணித்தியாலம் வேலை செய்கிறேன். இப்போது வங்கிக்கு மாதம் 603 யூரோ வருகிறது. இன்னும் 700 யூரோவைக் கடித உறையில் வைத்துத் தருகிறார்கள். கூட்டிக் கேட்டால், பிடிக்காவிட்டால் போகலாம் என்கிறார் முதலாளி. அவரும் நம்மவர்தான். ஐரோப்பா முழுவதற்கும் வேலைவாய்ப்பு, சமூக நலம் ஆகியவற்றுக்குப் பொறுப்பான பெரிய அதிகாரி ஒருவர் பிரசல்ஸில் இருக்கிறார் என்றும், அவருக்கு எழுதினால் இங்குள்ள அரசாங்கமே ஓடிவரும் என்றும் நண்பர் ஒருவர் சொல்கிறார். அவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? எழுதலாமா? 12ஆம் வகுப்பில் படிக்கும் என் மகள் கடிதத்தை ஜேர்மன் மொழியில் எழுதித் தருவதாகச் சொல்கிறாள். அந்தப் பதவிக்குத் தன்னைப் போன்ற ஒருத்தி வர முடியுமா என்றும் கேட்கச் சொன்னாள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்பின் சகோதரருக்கு,

உங்கள் நண்பர் சொன்ன பதவி உண்மையிலேயே இருக்கிறது. அதற்குக் கடிதம் எழுதவும் தடை இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தால் உங்கள் நிலுவையில் ஒரு யூரோவும் திரும்பி வராது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேலிடத்திலிருந்து பதில் வரும் என்று காத்திருந்து, இங்கே கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பணத்தைக் காலாவதியாக விட்டவர்கள் என்னிடம் ஆலோசனைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அதன் பிறகு சொல்லக்கூடியது அதிகம் இல்லை.

இருந்தாலும் அந்தப் பதவி என்ன செய்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. நீதிமன்றத்தில் நீங்கள் கையில் எடுக்கப்போகும் உரிமைகளில் சில அங்கே எழுதப்பட்டவை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணைக்குழுவில் நாட்டுக்கு ஒருவராக 27 பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் வேலைவாய்ப்பும் சமூக விவகாரங்களும் ஒப்படைக்கப்படும். 2014 முதல் 2019 வரை பெல்ஜியத்தின் மரியான் தைசன், அடுத்த ஐந்தாண்டு லக்சம்பேர்க்கின் நிக்கோலா ஷ்மிட், 2024 டிசம்பர் 1 முதல் ருமேனியாவின் ரொக்சானா மின்சாது. பதவியின் பெயர் ஒவ்வொரு ஆணைக்குழுவிலும் மாறும். மின்சாதுவின் பதவிப்பெயர் 'சமூக உரிமைகள், திறன்கள், தரமான வேலைகள், தயார்நிலை ஆகியவற்றுக்கான நிறைவேற்று உப தலைவர்'. பெயர் நீண்ட அளவுக்கு அதிகாரம் நீளவில்லை என்பது என் கருத்து.

அவருக்குக் கீழே ஒரு பணிப்பாளர் நாயகம் தலைமையில் தனித் திணைக்களம் இயங்குகிறது. ஆணையாளர் அரசியல்வாதி, ஐந்து ஆண்டில் போய்விடுவார். பணிப்பாளர் நாயகமும் அவருக்குக் கீழுள்ளவர்களும் பல ஆண்டுகள் அங்கேயே இருந்து வளர்ந்த அரச ஊழியர்கள். எந்தச் சட்டத்தைக் கொண்டுவருவது, எதை ஒத்திப்போடுவது என்பதை ஆணையாளர் தீர்மானிக்கிறார். அதன் வாசகத்தை வரி வரியாக எழுதுவது திணைக்களம். நீங்கள் ஆணையாளருக்கு எழுதும் கடிதத்தைத் திறந்து படிப்பவரும் பெரும்பாலும் இந்தத் திணைக்களத்தில் இருக்கும் ஒருவர்தான்.

இப்போது அதிகாரத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டத்தை முன்மொழியும் உரிமை கிட்டத்தட்ட முழுவதும் ஆணைக்குழுவிடம்தான் இருக்கிறது. ஐரோப்பிய பாராளுமன்றம் தானாக ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவர முடியாது. கொண்டுவரும்படி கேட்கத்தான் முடியும். ஆகவே தொழில் ஆணையாளர் பேனாவை எடுக்காவிட்டால் அந்தத் துறையில் எதுவும் தொடங்காது. ஆனால் எடுத்தாலும் அவரால் முடித்துவைக்க முடியாது. பாராளுமன்றமும் 27 நாடுகளின் தொழில் அமைச்சர்கள் கூடும் அவையும் சம்மதிக்க வேண்டும். ஜேர்மனியின் சார்பில் அந்த அவையில் இருப்பவர் தொழில், சமூக விவகார அமைச்சர் பேர்பல் பாஸ். சமூகக் காப்புறுதி போன்ற சில விடயங்களில் ஒரே ஒரு நாடு மறுத்தாலும் சட்டம் நின்றுவிடும். அதற்கும் முன்பாக, தொழிற்சங்கங்களையும் முதலாளிமார் அமைப்புகளையும் இரண்டு கட்டங்களில் கலந்தாலோசிக்க வேண்டும் என்று ஒன்றியத்தின் ஒப்பந்தமே சொல்கிறது. அவர்கள் விரும்பினால் தாங்களே பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்து, சட்டமூலம் எழுதும் வேலையை ஆணையாளரிடமிருந்து எடுத்துக்கொள்ளவும் முடியும்.

உங்கள் நண்பருக்குத் தெரியாத, உங்களுக்கு முக்கியமான இன்னொரு கட்டுப்பாடு இருக்கிறது. ஒன்றியத்தின் செயற்பாட்டு ஒப்பந்தத்தில் 153ஆம் உறுப்புரையின் ஐந்தாவது பத்தி, சம்பளம், சங்கம் சேரும் உரிமை, வேலைநிறுத்தம், கதவடைப்பு ஆகிய நான்கையும் இந்த அதிகாரத்திலிருந்து வெளியே வைக்கிறது. அதாவது ஐரோப்பாவின் தொழில் ஆணையாளர் எந்த நாட்டிலும் சம்பளத்தை நிர்ணயிக்க முடியாது. உங்கள் பிரச்சினை சம்பளம். அவருடைய அதிகாரத்திலிருந்து வெளியே வைக்கப்பட்டவற்றில் முதலாவதும் அதுதான்.

இந்தச் சுவர் இருக்கும்போதே ஓர் ஆணையாளர் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க விரும்பினால், போதிய குறைந்தபட்ச ஊதியம் பற்றிய 2022ஆம் ஆண்டின் பணிப்புரையைத்தான் (உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டிய ஒன்றியச் சட்டம்) பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து இந்தப் பதவியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிவது அதில்தான். ஷ்மிட்டின் காலத்தில் வந்தது. அதில் இத்தனை யூரோ கொடு என்று எங்கேயும் இல்லை. எழுதியிருந்தால் அன்றைக்கே விழுந்திருக்கும். அதற்குப் பதிலாக, சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் வைத்திருக்கும் நாடுகள் அது போதுமா என்று அளந்து பார்க்க ஒரு அளவுகோல் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அதற்கு உதாரணமாக, நாட்டின் இடைநிலை மொத்தச் சம்பளத்தில் (பாதிப்பேர் அதற்கு மேலும் பாதிப்பேர் அதற்குக் கீழும் வாங்கும் சம்பளம்) 60 சதவீதம், அல்லது சராசரிச் சம்பளத்தில் 50 சதவீதம் என்று இரண்டு எண்களைச் சொல்லி வைத்தார்கள். சங்கங்களும் முதலாளிகளும் பேசிச் செய்யும் கூட்டு ஒப்பந்தங்களின் கீழ் வரும் தொழிலாளர் 80 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள நாடுகள் அதைக் கூட்டுவதற்குத் திட்டம் போட வேண்டும் என்றும் எழுதினார்கள். ஜேர்மனியில் அது ஏறத்தாழப் பாதியளவில்தான் நிற்கிறது.

2022 செப்டம்பரில் பாராளுமன்றம் 505 வாக்குகளால் அதை நிறைவேற்றியது. அமைச்சர்கள் அவையில் டென்மார்க்கும் சுவீடனும் எதிர்த்தன. காரணம் தொழிலாளர் மீதான வெறுப்பு அல்ல. அந்த நாடுகளில் சம்பளத்தைச் சங்கங்களும் முதலாளிகளும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள், அரசாங்கம்கூடத் தலையிடுவதில்லை. அப்படியிருக்க பிரசல்ஸ் எப்படி வரலாம் என்பது அவர்களின் கேள்வி. டென்மார்க் லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஜனவரியில் நீதிமன்றத்தின் பொதுச் சட்டத்தரணி (தீர்ப்புக்கு முன் நீதிபதிகளுக்குக் கருத்துச் சொல்பவர்), முழுப் பணிப்புரையையும் ரத்துச் செய்யலாம் என்று கருத்துச் சொன்னபோது எங்கள் துறையில் பலர் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். 2025 நவம்பர் 11இல் வந்த தீர்ப்பு வேறு மாதிரி இருந்தது. ஊதியத்தை நிர்ணயிக்கும்போது எவற்றையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற கட்டாயப் பட்டியலையும், தானியங்கி முறையில் உயரும் ஊதியத்தைக் குறைக்கக் கூடாது என்ற விதியையும் நீதிமன்றம் நீக்கியது. அவை சம்பளத்தில் நேரடியாகக் கை வைப்பதாகச் சொன்னது. மற்றப் பெரும்பகுதி நின்றது. 60 சதவீத அளவுகோலும் நின்றது.

அதனால் உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். ஜேர்மனியில் குறைந்தபட்ச ஊதியத்தை முன்மொழிவது, முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சம அளவில் உட்காரும் ஒரு குழு. அந்தக் குழு 2025 ஜனவரியில் தன் நடைமுறை விதிகளில் இந்த 60 சதவீத அளவுகோலைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூனில் அது எடுத்த முடிவின்படி மணித்தியாலத்துக்கு 12.82 யூரோவாக இருந்த ஊதியம் 2026 ஜனவரியில் 13.90 ஆனது, 2027இல் 14.60 ஆகும். இந்த உயர்வுக்கு முழுக் காரணம் பிரசல்ஸ் என்று சொன்னால் அது பொய். உள்நாட்டு அரசியல் இருந்தது, விலைவாசி இருந்தது, சங்கங்களின் அழுத்தம் இருந்தது. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் 60 சதவீதம் என்ற எண் கிடந்ததற்கு, சம்பளத்தைத் தொட அதிகாரமே இல்லாத ஒரு பதவியில் இருந்தவர் காரணம். அந்தப் பதவியால் முடிந்த அதிகபட்சம் ஏறக்குறைய அதுவே.

பணத்தாலும் அந்தப் பதவி வேலை செய்கிறது. 1957ஆம் ஆண்டின் ரோம் ஒப்பந்தத்திலேயே தொடங்கிய ஐரோப்பிய சமூக நிதியம் இப்போது 2021 முதல் 2027 வரைக்கும் சுமார் 99 பில்லியன் யூரோ வைத்திருக்கிறது. அது தனி ஆட்களுக்கு வருவதில்லை. பயிற்சி, மொழி வகுப்பு, ஆலோசனை நிலையம் என்று நாடுகளின் வழியாக வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தொழில் உரிமை பற்றி இலவசமாக ஆலோசனை சொல்லும் 'ஃபைர இன்டெக்ராட்சியோன்' நிலையங்கள் வளர்ந்த திட்டத்திலும் அந்த நிதியின் பங்கு உண்டு. உங்கள் ஊருக்கு அருகில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து முறைப்பாடு. உங்கள் நண்பர் நினைத்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். யார் வேண்டுமானாலும் ஐரோப்பிய ஆணைக்குழுவுக்கு இலவசமாக முறைப்பாடு அனுப்பலாம். ஒன்றியத்தின் 24 மொழிகளில் ஒன்றில் இருந்தால் போதும், ஜேர்மன் மொழி அதில் அடங்கும். 15 வேலை நாட்களுக்குள் கிடைத்ததாகப் பதில் வரும். மேற்கொண்டு நடவடிக்கை எடுப்பதா என்று ஓர் ஆண்டுக்குள் முடிவு செய்ய முயல்வார்கள். ஆனால் முறைப்பாடு ஒரு நாட்டின் மீது இருக்க வேண்டும். அந்த நாட்டின் சட்டமோ நிர்வாகமோ ஒன்றியச் சட்டத்தை மீறுகிறது என்று காட்ட வேண்டும். தனி முதலாளி ஒருவர் மீது முறைப்பாடு போனால், உள்நாட்டு நீதிமன்றத்தை அணுகவும் என்று மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்கள். நாட்டுக்கு எதிராக வென்றாலும் முறைப்பாடு கொடுத்தவருக்கு நட்டஈடு கிடையாது.

இந்த வழி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரியாவில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் வேறு உறுப்பு நாட்டில் வாழ்ந்தால், அந்த நாட்டின் விலைவாசிக்கு ஏற்பக் குடும்பக் கொடுப்பனவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு விதியை ஆஸ்திரியா கொண்டுவந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து முதியோரைப் பராமரித்த பெண்களுக்கு அதனால் பணம் குறைந்தது. ஆணைக்குழு ஆஸ்திரியாவை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் 2022 ஜூன் 16இல் வென்றது. அரசாங்கத்தின் விதி பிழையாக இருந்தால் அந்தக் கதவு சரியான கதவு. உங்கள் விடயத்தில் ஜேர்மன் சட்டம் பிழையாக இல்லை. அதை உங்கள் முதலாளி மீறுகிறார். 2019இல் உருவாக்கப்பட்ட ஐரோப்பிய தொழில் அதிகாரசபை என்று ஒன்றும் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் இயங்குகிறது. அது பல நாடுகளின் பரிசோதகர்களை ஒன்றுசேர்த்துக் கொடுக்கும் அமைப்பு. உள்ளூர் உணவகத்தின் சமையலறைக்குள் அதுவும் வராது.

ஆகவே ஜேர்மனிக்குத் திரும்புவோம். கணக்கை முதலில் பாருங்கள். 603 யூரோவை 13.90ஆல் வகுத்தால் மாதத்துக்கு 43 மணித்தியாலம். மினிஜொப் என்றால் அவ்வளவுதான் வேலை. நீங்கள் அதைவிடக் கூட ஒரே கிழமையில் செய்கிறீர்கள். கிழமைக்கு 50 என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 217 மணித்தியாலம். குறைந்தபட்ச ஊதியப்படி மொத்தச் சம்பளம் மூவாயிரம் யூரோவுக்குச் சற்று மேல். உங்களுக்கு வருவது இரண்டு வழியும் சேர்த்து 1,303. இதைத் தவிர ஓய்வூதியத்துக்குக் கட்டப்பட வேண்டிய பங்கு முழுமையாகக் கட்டப்படவில்லை, வேலையிழப்புக் காப்புறுதி இல்லை. உறையில் வரும் 700 யூரோ, வயதான காலத்தில் உங்கள் ஓய்வூதியக் கணக்கில் எங்கும் இருக்காது. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாதது எனக்குக் கவலை தந்தது.

வேலை நேரத்துக்கு வருவோம். ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலை நேரப் பணிப்புரை, மேலதிக நேரத்தையும் சேர்த்துக் கிழமைக்குச் சராசரி 48 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அதை ஆதாரமாக வைத்து 2019 மே 14இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஒவ்வொரு நாளும் வேலை செய்த நேரத்தை அளக்கும் முறையை முதலாளி வைத்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. வழக்கைக் கொண்டுவந்தது ஆணையாளர் அல்ல; ஸ்பெயினின் ஒரு தொழிற்சங்கம். ஜேர்மனியின் உச்ச தொழில் நீதிமன்றம் 2022 செப்டம்பரில் அந்தக் கடமை இங்கும் உண்டு என்றது. உணவகங்களுக்கும் மினிஜொப்புக்கும் இந்தக் கடமை குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே முன்பிருந்து இருக்கிறது: தொடங்கிய நேரம், முடித்த நேரம், மொத்தம் மூன்றையும் ஏழு நாட்களுக்குள் எழுதி, இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் இதை நம்பி நீங்கள் சும்மா இருந்துவிடக் கூடாது. முதலாளி பதிவேடு வைக்கவில்லை என்பதற்காக மட்டும் நிரூபிக்கும் சுமை அவர் பக்கம் மாறாது என்று அதே நீதிமன்றம் 2022 மே மாதத்தில் சொல்லியிருக்கிறது. மேலதிக நேரத்தைக் கேட்பவர், எந்த நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நின்றார், அது முதலாளிக்குத் தெரிந்து நடந்ததா என்று தானே சொல்ல வேண்டும். எனவே இன்று இரவே தொடங்குங்கள். ஒரு கொப்பியில் தேதி, போன நேரம், வந்த நேரம், இடைவேளை, கூட நின்றவரின் பெயர். பழைய நாட்களுக்கு வேலை அட்டவணையின் படங்கள், 'நாளைக்கு மூன்று மணிக்கு வா' என்று முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், பஸ் டிக்கெட்டுகள், கடைசி ரயிலில் வீட்டுக்குப் போகும்போது மனைவிக்கு அனுப்பிய செய்தி எல்லாம் உதவும். எதையும் அழித்துவிடாதீர்கள். கைபேசியை மாற்றினால் முதலில் பிரதி எடுத்து வையுங்கள்.

எவ்வளவு பின்னால் போகலாம் என்பதும் முக்கியம். பல ஒப்பந்தங்களில், மூன்று மாதத்துக்குள் கேட்காத உரிமை போய்விடும் என்று ஒரு வரி இருக்கும். உங்களுடையதிலும் இருக்கலாம். குறைந்தபட்ச ஊதியத்துக்கு அந்த வரி செல்லாது. அதை விட்டுக்கொடுப்பதாக நீங்கள் கையொப்பமிட்டிருந்தாலும் செல்லாது. பொதுவான காலக்கெடு, ஆண்டு முடிவிலிருந்து மூன்று ஆண்டுகள். அதன்படி 2023இல் உழைத்ததற்கான நிலுவை 2026 டிசம்பர் 31உடன் முடிந்துவிடும். அந்த ஆண்டின் ஊதியம் 12 யூரோ, 2024இல் 12.41. ஆண்டு வாரியாகக் கணக்கைப் பிரித்து எழுதுங்கள். பிரசல்ஸ் ஓர் ஆண்டு எடுத்துக்கொள்ளும் என்று சொன்னேனே, இப்போது அதன் பொருள் விளங்கும்.

போக வேண்டிய இடம் தொழில் நீதிமன்றம். முதற்கட்டத்தில் சட்டத்தரணி கட்டாயம் இல்லை. நீதிமன்றத்திலேயே 'ரெக்ட்ஸ்அன்ட்ராக்ஸ்டெல்லே' என்ற பிரிவு இருக்கிறது. ஆவணங்களோடு போனால் உங்கள் கோரிக்கையை அவர்கள் எழுதிப் பதிவு செய்வார்கள். முன்பணம் கட்ட வேண்டியதில்லை. சட்டத்தரணி வைத்தால், வென்றாலும் தோற்றாலும் முதற்கட்டத்தில் அவரவர் செலவு அவரவருக்கு. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசின் சட்ட உதவி உண்டு. முதலில் ஒரு சமரச விசாரணை நடக்கும். பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. அங்கே முதலாளி ஒரு தொகையைச் சொல்வார். உங்கள் கணக்கு கையில் இல்லாவிட்டால் அந்தத் தொகை பெரிதாகத் தெரியும். உணவகத் தொழிலாளர் சங்கமான என்ஜிஜியில் சேர்ந்தால் அவர்களின் சட்டத்தரணி வருவார், ஆனால் சேர்ந்த உடனே அல்ல, சில மாதம் ஆகும்.

சுங்கத் திணைக்களத்துக்குத் தகவல் கொடுக்கும்படி சிலர் சொல்வார்கள். சட்டவிரோத வேலையைப் பரிசோதிப்பது அவர்கள்தான். குறைந்தபட்ச ஊதியம் கொடுக்காத முதலாளிக்கு ஐந்து லட்சம் யூரோ வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அவர்கள் உங்கள் நிலுவையை வாங்கித் தருவதில்லை. அங்கே போவதற்கு முன் உங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும், பதிலை இங்கே அல்ல, ஆலோசகரிடம் நேரில் சொல்லுங்கள். குடும்பத்துக்கு ஜொப்சென்டரிலிருந்து உதவிப்பணம் வருகிறதா, வந்தால் உறையில் வாங்கும் பணத்தை அறிவித்தீர்களா? உங்கள் வதிவிட அனுமதி இந்த வேலையோடு கட்டுப்பட்டதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால், முதலில் சட்டத்தரணியைப் பாருங்கள். செலுத்தப்படாத சமூகக் காப்புறுதிப் பங்கை முதலாளி பின்னாலிருந்து உங்கள் தலையில் கட்டுவது சட்டத்தில் எளிதல்ல, பொதுவாக அடுத்த மூன்று சம்பளங்களில்தான் கழிக்கலாம். அறிவிக்காத வருமானம் வேறு விடயம். அது உங்கள் பொறுப்பு.

முதலாளி நம்மவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் மினிஜொப் என்று போட்டதும், உறையை நீட்டியதும் அவர் மொழி தெரியாமல் செய்த காரியங்கள் அல்ல. உங்களுக்கு மொழி தெரியாது என்பதால் செய்தவை. நீங்கள் வழக்குப் போட்டால் கோவில் திருவிழாவில் உங்களைப் பற்றிப் பேசுவார்கள், அது உண்மை. அந்தச் சங்கடத்துக்கு மாதம் ஆயிரத்து எழுநூறு யூரோ கொடுக்க வேண்டுமா என்பதை நீங்களும் உங்கள் மனைவியும் பேசித் தீர்மானியுங்கள்.

மகளுக்கு ஒரு வார்த்தை. வர முடியும், இரண்டு வழிகளில். ஆணையாளராக வேண்டுமென்றால் ஒரு நாட்டின் அரசாங்கம் அவரை முன்மொழிய வேண்டும். ஆணைக்குழுத் தலைவர் துறையை ஒதுக்குவார். பிறகு ஐரோப்பிய பாராளுமன்றக் குழு மணிக்கணக்கில் கேள்வி கேட்கும். 2019இல் பிரான்ஸ் அனுப்பிய சில்வி குலாரை அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். தொழில் துறைக்கு வந்தவர்களைப் பார்த்தால் ஷ்மிட் தன் நாட்டில் தொழில் அமைச்சராக இருந்தவர், விளாடிமிர் ஸ்பிட்லா செக் நாட்டின் பிரதமராக இருந்தவர், லாஸ்லோ அந்தோர் பொருளாதாரப் பேராசிரியர். எல்லோரும் முதலில் சொந்த நாட்டில் தங்களை நிரூபித்தவர்கள். மற்ற வழி திணைக்களத்தின் வழி: ஒன்றிய நாடொன்றின் குடியுரிமை, ஒரு பட்டம், ஜேர்மன் மொழியோடு இன்னும் ஒன்றிரண்டு ஐரோப்பிய மொழிகள், பிறகு போட்டிப் பரீட்சை. ஆணையாளரை விடத் திணைக்களத்தில் வாசகம் எழுதுபவராக இருப்பதே எனக்குப் பிடிக்கும். 60 சதவீதம் என்ற எண்ணைச் சட்டம் தாங்கும் விதமாக எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அது நீதிமன்றத்தில் நின்றது. மகள் தொழில் சட்டமோ பொருளாதாரமோ படிக்க விரும்பினால் நல்லது. அவர் எழுத முன்வந்த கடிதத்தை வீணாக்க வேண்டாம். பிரசல்ஸுக்குப் பதிலாக முதலாளிக்கு எழுதச் சொல்லுங்கள்: எந்த மாதம், எத்தனை மணித்தியாலம், எவ்வளவு நிலுவை, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள்.

கடிதம் போன பிறகு வேலையிலிருந்து நிறுத்தப் பார்ப்பார்கள். வாய்ச் சொல்லாலோ வாட்ஸ்அப்பாலோ பணிநீக்கம் செய்ய முடியாது. கையொப்பமிட்ட தாள் வேண்டும். அப்படி ஒரு தாள் வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து மூன்று கிழமைக்குள் தொழில் நீதிமன்றத்தில் வழக்குப் பதிவாக வேண்டும். உரிமையைக் கேட்டதற்காகப் பழிவாங்குவது சட்டத்தில் தடை, ஆனால் அந்த மூன்று கிழமை தாண்டினால் அதையும் வாதாட முடியாது. 'நானாக விலகுகிறேன்' என்றோ 'பாக்கி எதுவும் இல்லை' என்றோ எழுதிய எதிலும் அங்கேயே கையொப்பமிட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்துவிட்டு, அடுத்த நாள் ஆலோசனை நிலையத்துக்கு எடுத்துப் போங்கள்.